ஆண்டறிக்கையில் ஒரு கொக்கு

மேசைமேல் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. நிறுவனங்கள் ஊருக்குச் சொல்லும் கணக்கை ஆராயும் கணக்கியல் பேராசிரியையான அக்கா, ஒரு தொழிற்சாலையின் மூன்று ஆண்டறிக்கைகளை அருகருகே விரித்திருக்கிறாள். மூன்றிலும் 'நாங்கள் காத்த ஆறு' என்று ஒரு படம். மூன்றிலும் அதே கொக்கு, அதே ஒற்றைக்காலில் நிற்கிறது. "இதுக்குக் கால் வலிக்காதாடி?" என்கிறாள். அந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் தங்கை எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறாள். "அதுக்கும் சம்பளம் குடுக்கறாங்கக்கா." இருவரும் சிரிக்கிறார்கள். தங்கையின் சிரிப்புதான் முதலில் அடங்குகிறது. "அது எங்க ஆறே இல்ல. எங்க ஆத்துக்குக் கொக்கு வந்து பல வருஷமாச்சு." அக்காவின் பேனா, இந்த அறிக்கைகளைப் பற்றிப் பாதி எழுதிய கட்டுரையின் மேல் அசையாமல் நிற்கிறது. "இத எழுதினா உன் வேலை போயிடும்." தங்கை ஒரு சுளையை அவள் பக்கம் நகர்த்துகிறாள். "எழுதுக்கா. அந்தப் படத்தைத் தேடி எடுத்தது நான்தான்னும் சேத்து எழுது."