மீசை வைத்த வரைபடம்

“சாமிய வெலைக்குக் கேக்குறீகளே சார், உங்களுக்கே இது நல்லாருக்கா?”

பேச்சாயி கேட்டதும் பிராங்க்ளின் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். சேவுகம்பட்டிக்குப் பஸ் ஏறும்போதே இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆசை யாரை விட்டது?

திண்டுக்கல்லில் படங்களுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடும் கடை வைத்திருப்பவர் பிராங்க்ளின். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய நையாண்டி வரைபடங்களைச் சேர்ப்பார். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்கார நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், அந்த ஊர்ச் சித்திரக்காரர்கள் ஒவ்வொரு நாட்டையும் ஒரு ஆளாகவோ மிருகமாகவோ வரைந்து, வரைபடமாக அச்சடித்து விற்றார்கள். வாங்கியவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள். அதனால் இன்றைக்கு அது குதிரைக் கொம்பு. பிராங்க்ளின் வீட்டு ஹாலில் மூன்று தொங்குகின்றன. வருகிறவர்கள் “பிள்ளைக வரைஞ்சதா?” என்று கேட்டுவிட்டால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்காது.

போன வாரம் பேச்சாயியின் புருஷன் வீரப்பன், பேத்தியின் காதுகுத்துப் போட்டோவை ஃபிரேம் போடக் கொண்டுவந்தார். போட்டோவில் பேத்தி வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். பிராங்க்ளின் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படத்தைத்தான் பார்த்தார்.

இப்போது அது நேரில் இருந்தது. குங்குமமும் சந்தனமும் அப்பியிருந்தாலும் அடையாளம் தெரிந்தது. ரஷ்யா பெரிய மீசையோடு கண்ணை உருட்டி, கையில் வாளோடு, பக்கத்து நாடுகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. ஓரத்தில் இங்கிலாந்து நாயாக நின்று குரைத்தது.

வீரப்பனின் தாத்தா கொடைக்கானலில் ஒரு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவராம். துரை ஊருக்குக் கிளம்பும்போது கழித்துப் போட்ட சாமான்களோடு வந்ததாம் இந்தப் படம். இது சாமி இல்லை, மேப்பு என்று பிராங்க்ளின் பக்குவமாக எடுத்துச் சொன்னார். வீரப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மீசை இருக்கு, கையில ஆயுதம் இருக்கு, கூட வேட்டை நாய் இருக்கு. கருப்பசாமிக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும்?”

அந்தச் சாமிக்கு ஆடுகிறவரே தான்தான் என்றார் வீரப்பன். சாயங்காலம் ஆனால் சுருட்டும் பாட்டிலும் வைத்துப் படையல் உண்டு. பேச்சாயி விடியுமுன்னே போய்ப் பூப்பறிக்கிற கூலியில்தான் அத்தனையும். ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று பெருமையாகச் சொன்னார். அவர் கண்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. சாமியாடிகளுக்கு அப்படித்தான் இருக்கும்போல என்று பிராங்க்ளின் நினைத்துக்கொண்டார்.

எண்ணெயும் புகையும் பட்டுக் காகிதம் மக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் தாங்காது. கேட்ட விலை தருவதாகச் சொன்னார் பிராங்க்ளின். சுவர் காலியாக இருக்க வேண்டாம், எந்தச் சாமி படம் கேட்டாலும் ஃபிரேம் போட்டுச் சும்மாவே தருவதாகவும் சொன்னார். வீரப்பன் மசியவில்லை. பிராங்க்ளின் பெருமூச்சு விட்டு எழுந்தார்.

பேச்சாயிதான் அவரை நிறுத்தினாள்.

“நாம யாரு முடிவு பண்ண? பூக்கட்டிப் போட்டுக் கேட்டுருவோம். சாமி போறேன்னா போகட்டும்.”

ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் மல்லிகைச் சரம் ஒரு துண்டு. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. வீரப்பன் உடனே ஒத்துக்கொண்டார். சாமி தன்னை விட்டுப் போகாது என்று அவருக்கு அம்புட்டு நம்பிக்கை.

பேச்சாயி உள்ளே போய், அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். சூடம் ஏற்றினாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் பிராங்க்ளினுக்கு இங்கே யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கடைசியில் புனித அந்தோணியாரையே வேண்டிக்கொண்டார்.

வீரப்பன் கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

மல்லிகை.

சாமி வாக்குக்கு எதிர்வாக்கு கிடையாது. அவரே எழுந்து ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி பிராங்க்ளின் கையில் கொடுத்தார். பேச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, வாய்க்காலில் விட்டுவிட்டு வருகிறேன் என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்ற பிராங்க்ளினுக்குச் சந்தோஷம் பாதிதான் இருந்தது. நினைத்தது கைக்கு வந்துவிட்டது. ஆனால் கூலிக் காசை எல்லாம் சாமிக்கே கொட்டிய ஒருத்தியின் சாமியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டோமே என்று உறுத்தியது. அப்போது பேச்சாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“மனசு கேக்கலைன்னா திருப்பிக் கொண்டுபோயிருங்கம்மா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

பேச்சாயி வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. இடுப்பில் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அதிலும் மல்லிகைதான். நிதானமாக எடுத்துக் கொண்டையில் வைத்துக்கொண்டாள்.

“படம் ஒண்ணு ஃபிரேம் போட்டுத் தாரேன்னீகள்ல, அதைப் பழனி முருகனாப் போட்டுக் குடுங்க சார். பொழுது சாஞ்சா குவார்ட்டர் கேக்காத சாமி அவருதான்.”