பன்றிக்குத் தெரியாத தொப்பி

"பண்டிக்கு என்ர தலை தெரியப்படாது. அதுதான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே, பிளாஸ்டிக் இலைகள் தைத்த தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார் குணசேகரம். ஜெர்மனியின் ஹம் நகரத்து வேட்டைச் சாமான் கடையில் அவர் போட்டுப் பார்க்காத தொப்பி அநேகமாக இல்லை.

"கத்தரிக் கண்டு நடந்து வாற மாதிரிக் கிடக்கு" என்றார் மனைவி புஸ்பவதி. "கழட்டுங்கோ. கடைக்காரப் பிள்ளை சிரிக்கிறாள்."

கடைக்காரப் பெண் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, பளிச்சென்ற செம்மஞ்சள் தொப்பி ஒன்றை நீட்டினாள். காட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குவார்கள் என்றாள். குணசேகரம் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

"உதைப் போட்டால் நான் நிக்கிறது காடு முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

மனுசன் இந்தப் பாடுபடக் காரணம் இருந்தது. கேபிள் தொழிற்சாலையில் அவருடைய ஷிப்ட் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று குணசேகரத்துக்குத் தெரியும், புஸ்பவதிக்கும் தெரியும். தெரிய வேண்டிய ஒரே ஆள் முதலாளி பிரோக்மன்.

அந்தப் பிரோக்மன் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தனக்கு வேண்டியவர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். 'வேட்டைச் சஃபாரி' என்று அதற்குப் பெயர்; காட்டுப் பன்றி வேட்டைதான் என்று குணசேகரம் தானே முடிவுகட்டிவிட்டார். தொழிற்சாலையில் எத்தனையோ தமிழர்கள் இருந்தும் இந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு தமிழனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. குணசேகரத்துக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"போன முறை போன போலந்துக்காரனுக்கு என்ன கிடைச்சது தெரியுமே? ஸ்டோர் பொறுப்பு."

"ஓம், அவன் களுசான் முழங்காலில கிழிஞ்செல்லே வந்தவன்?"

"காடெண்டால் முள்ளுக் கிடக்கும்தானே."

புஸ்பவதி விடுகிற ஆள் இல்லை. "இஞ்ச மீன் பிடிக்கிறதுக்கே சோதினை எழுத வேணும். உங்களை நம்பி ஆர் சுடுறதுக்குத் துவக்குத் தருவினம்?"

"முதலாளி பக்கத்தில நிக்கேக்க ஆர் கேக்கப் போகினம்? அவர் என்ன சொன்னவர் தெரியுமே? 'இந்த முறை எங்களுக்கு ஒரு ஃபுக்ஸ் வேணும், அது நீங்கள்தான்' எண்டவர்."

"நரியெண்டோ?" புஸ்பவதிக்கு முகம் சிவந்துவிட்டது. "மூஞ்சைக்கு நேர நரியெண்டு சொன்னவனுக்குப் பல்லைக் காட்டிப்போட்டு வந்தனீங்களோ?"

"இஞ்சாருமப்பா, எங்கட பாஷையிலதான் அது ஏச்சு. இவங்களுக்கு நரியெண்டால் மூளைசாலி. அது பாராட்டு."

அதுவும் பொய்யில்லை. ஜெர்மன்காரர் கெட்டிக்காரனை நரி என்று மெச்சுவது உண்டு. புஸ்பவதி அரைமனதோடு அடுத்த தொப்பியை எடுத்து நீட்டினார்.

தொப்பியைப் பற்றி முதலாளி ஒன்று மட்டும் சொல்லியிருந்தார். கம்பளித் தொப்பியாக வாங்க வேண்டும், சஃபாரி நாள்வரை தலையிலிருந்து இறக்கக் கூடாது. புதுத் தொப்பி தலைக்குப் பழக வேண்டும் அல்லவா என்று குணசேகரம் தானே விளக்கமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

கடைசியில் பச்சை நிறக் கம்பளித் தொப்பி ஒன்று அமைந்தது. மழை உள்ளே இறங்காது, காதும் மூடும். வியர்வை மணம் பிடித்தால் மட்டும் லேசில் போகாது என்று கடைக்காரப் பெண் எச்சரித்தாள். அதற்கென்ன என்று வாங்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தொப்பிதான். சாப்பாட்டு மேசையிலும் தொப்பி, சூடை மீன் பொரிக்கிற குசினிக்குள்ளும் தொப்பி. படுக்கையிலும் அதோடேயே ஏறியபோது, புஸ்பவதி தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் காட்டோரத்தில் கார்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் எல்லாரும் செம்மஞ்சள் தொப்பி போட்டிருந்தார்கள். இவர்களுக்குப் பன்றியைப் பற்றி ஒன்றும் தெரியாது போல என்று குணசேகரம் உள்ளுக்குள் பரிதாபப்பட்டார். ஒருவர் கையிலும் துவக்கைக் காணோம். இனித்தான் எடுப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பிரோக்மன் நேரே அவரிடம் வந்தார். பச்சைத் தொப்பியைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்தது. "அருமையான தொப்பி. நான் சொன்னபடியே செய்திருக்கிறீர்கள்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். குணசேகரத்துக்குப் பெருமையில் கண் கலங்கியது.

முதலாளி அந்தத் தொப்பியை இரண்டு கையாலும் மரியாதையாகக் கழற்றி எடுத்தார். வண்டியிலிருந்து இறக்கிய நாய்களின் மூக்குக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிடித்தார். சூடை மீன் மணத்தில் நாய்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று விளிம்பை நக்கியே விட்டது. வேட்டைக்காரர் சடங்கு ஏதோ நடக்கிறது என்று குணசேகரம் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தொப்பி திரும்பி வரவில்லை. பிரோக்மன் அதைத் தன் கைக்குள் இடுக்கிக்கொண்டு அவர் தோளில் தட்டினார். "ஷிப்ட் பொறுப்பைப் பற்றி மாலையில் ஆறுதலாகப் பேசுவோம், ஹேர் குணசேகரம். நல்ல செய்திதான்."

போதும், இனிப் பன்றி வந்தாலென்ன, புலி வந்தாலென்ன. குணசேகரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்: "அப்படியென்றால் நான் எங்கே நிற்பது?"

முதலாளி காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையைக் காட்டினார்.

"நிற்பதா? நரிதான் முதலில் ஓட வேண்டும்."