ஆயிரம் ஏக்கர் சம்பந்தம்

“ஆயிரம் ஏக்கர் தோட்டத்துக்காரங்க நம்மூட்டுல பொண்ணெடுப்பாங்களா கண்ணு?”

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து பாலுசாமி மகளிடம் இதைக் கேட்பது நான்காவது முறை.

“கதிர் பெருமையே பேச மாட்டாருங்கப்பா. கேட்டாத்தான், ‘வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே நாங்க தோட்டந்தான், ஆயிரம் ஏக்கர் இருக்கும்’னு சொன்னாரு” என்றாள் பிரவீனா. கோவையில் அவளுக்கும், அவள் கட்டிக்கொள்ள விரும்பும் கதிருக்கும் ஒரே ஆபீஸ்.

தாராபுரம் பக்கம் கிணறும் தண்ணீரும் உள்ள நிலம்தான் தோட்டம். மழையை நம்பியது வெறும் காடு. பாலுசாமிக்கு இருப்பது மூன்று ஏக்கர் காடு. விளைகிற சோளமும் கொள்ளும் வீட்டு உலைக்கே சரியாகப் போய்விடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா? மகளுக்கு யார் சொல்வது?

வளைவுக்கு வளைவு மூடுபனி வந்து ஜன்னலை மறைத்தது. பாலுசாமி கண்ணயர்ந்தார். மலை முழுக்கச் சம்பந்தி வீட்டுத் தோட்டம். வேட்டி நுனியைப் பிடித்தபடி அவர் நடக்கிறார், நடக்கிறார், வீடே வரவில்லை.

“அப்பா, எறங்கோணுங்க.”

கண்ணைத் திறந்தால் அதே பச்சை. கனவு இன்னும் முடியவில்லையோ என்று நினைத்தார். கதிர் ஓடிவந்து கும்பிட்டான்.

“இதெல்லாம் எங்க தோட்டந்தானுங்க.”

பாலுசாமி மகளைப் பார்த்தார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார்கள். மகள் அழப்போகிறாள்.

“அம்மாவும் வந்துட்டாங்க” என்றான் கதிர்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முதுகில் தேயிலைக் கொழுந்து மூட்டை. அதை எடைக்குக் கொடுத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

“பஞ்சத்துல காட்டைப் போட்டுட்டு, துரை தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க மலையேறுனவங்க வம்சமுங்க. இருக்கறதும் கம்பெனி ஊடு. அஞ்சு தலைமுறையாச்சு, வேலை பாக்கற தோட்டத்தையே எங்க தோட்டம்னு சொல்லிப் பழகிருச்சு, எங்களுக்குன்னு ஒரு செடி இல்லீங்க. சொந்தக் காடு வெச்சிருக்கறவங்க நமக்குப் பொண்ணு குடுப்பாங்களான்னு ரெண்டு நாளாச் சோறே எறங்கலீங்க.”

பாலுசாமி அவசரமாகக் கைகூப்பினார்.

அவள் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “ஏனுங்கண்ணா, உங்க காட்டுல வெளையறத நெசமாலுமே நீங்களே சாப்பிட்டுக்கலாமுங்களா?”