கிணற்றுப் பாட்டின் கடைசித் தாள்

“அதெல்லாம் இருக்கட்டும், இன்னிக்கு எதுக்குக் கையுறை? முப்பது வருஷமா வெறுங்கையாலதானே புத்தகம் ஒட்டுறீங்க?”

“விரல்ல வெடிப்பு, டோனா எர்மெலிந்தா,” என்றார் பைண்டர் ஜசிந்து. “நீங்க தாளைப் பாருங்க. பழைய ஜெபப் புத்தகத்தோட அட்டையைப் பிரிச்சேன். கனத்துக்காக இதை உள்ளே வெச்சு ஒட்டியிருந்தாங்க.”

எவோரா நகரின் மடத்து நூலகத்தில், அரிய நூல்களின் பொறுப்பாளராக எர்மெலிந்தாவுக்கு அன்று கடைசி நாள். நானூறு வருடம் முன்பு அந்த மடத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தி எழுதிய பாட்டின் ஒரே கைப்பிரதி அங்கேதான் இருந்தது. கிணற்றில் வாளியை இறக்குகிறாள் ஒரு பெண். தண்ணீர் தட்டுப்பட்டதா என்று தெரிவதற்குள் பாட்டு நின்றுவிடும். கடைசித் தாளைக் காணவில்லை.

முப்பத்தெட்டு வருடம் அதைத் தேடி அவர் ஏறி இறங்காத மடமில்லை. தாளைத் தேடுகிறாரா மாப்பிள்ளையைத் தேடுகிறாரா என்று சக ஆய்வாளர்கள் கேலி செய்வார்கள். ஜசிந்து மட்டும் சிரித்ததில்லை. பசை தடவியபடியே, எர்மெலிந்தா அந்தப் பாட்டைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார்.

தாளைக் கைப்பிரதியின் மேல் வைத்தார் எர்மெலிந்தா. புழு துளைத்த ஓட்டை, கீழே இருந்த தாள்களின் ஓட்டையோடு அப்படியே பொருந்தியது.

“நம்ம புத்தகத்துத் தாளேதான்.”

படித்தார். கயிறு எட்டவில்லை. அந்தப் பெண் தன் கூந்தலை அறுத்துப் பின்னிக் கயிற்றோடு முடிச்சுப் போட்டு இறக்குகிறாள். ஆழத்தில் ஏதோ குளிர்ந்து, அவள் உள்ளங்கை வரை ஏறி வருகிறது.

எத்தனையோ முடிவுகளை ஊகித்து எழுதிய எர்மெலிந்தா, கூந்தலை நினைத்ததே இல்லை.

பட்டியலில் பதிய எடுத்த பேனாவை மெல்ல மூடினார். தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கன்னியாஸ்திரி செத்து நூறு வருஷம் கழிச்சு வந்த புழு, ஜசிந்து. எழுத்தையும் சேர்த்துத்தான் தின்னிருக்கணும். இதுல எழுத்தெல்லாம் ஓட்டையைப் பார்த்து ஒதுங்கி நடக்குது. கையுறையைக் கழட்டுங்க.”

கழற்றினார். நகக்கண்ணெல்லாம் தாளில் இருந்த அதே பழுப்பு மசி.

அந்த விரல்களைப் பார்த்தார் எர்மெலிந்தா.

“வாளி மேலே வந்துச்சான்னு இதுல இல்லையே. இன்னொரு தாளும் இருந்திருக்கணும். அதையும்... தேடிக் குடுக்கிறீங்களா?”