ஒரே சேதி, இரண்டு வழி

இரண்டாவது பேரனை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியாமல் தந்தி ஆபீஸ் காளியண்ணன், மளிகைக் கடை வாசலில் நின்றார். உள்ளே கடைக்காரர் சையத் இப்ராஹிம், மஞ்சக்குட்டைக்குப் போகும் ஜீப்பின் டிரைவருக்கு அல்வா கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க காளியண்ணன். நேத்து நல்ல சேதி கொண்டாந்த கை, நீட்டுங்க."

கை நீளவில்லை.

மெட்ராஸில் இருக்கும் இப்ராஹிமின் மகள் சுபைதாவுக்கு அடுத்த மாதம்தான் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். நேற்று முற்பகலில் ஒரு தந்தி வந்தது: ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். சற்று நேரத்தில் இன்னொன்று, அதே வார்த்தைகளில். ரெட்டைப் பிள்ளை என்று ஏற்காடு கடைவீதி முழுக்க அல்வா போனது.

பெயரை நீங்களே வையுங்கள் என்று மருமகன் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி இல்லை. இப்ராஹிமின் தகப்பனார் பெயரா, மனைவி கதீஜாவின் தகப்பனார் பெயரா என்று மல்லுக்கட்டி, கடைசியில் இருவருக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. நேற்றுதான் ஆளுக்கொரு பெயர் என்று ராஜியாகி, கதீஜா கணவருக்குத் தன் கையால் டீ கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். நம்ம ஆபீஸ்ல இப்ப ரெண்டு ஏற்பாடு ஓடுதுங்க. தானா அச்சடிக்கற புது டெலிபிரிண்டர் மெஷின் ஒண்ணு, பழைய மோர்ஸ் தந்தி ஒண்ணு. சேலத்துல இருந்து மொதல்ல மெஷின்ல அனுப்புவாங்க. போய்ச் சேந்துச்சோ என்னமோன்னு சந்தேகம் வந்தா, அதையே மறுக்கா மோர்ஸ்ல தட்டி உடுவாங்க."

"செரி."

"நேத்து மோர்ஸ்ல ஒண்ணு வந்துச்சு, கொண்டாந்தேன். அப்புறம் மெஷின்ல வந்துச்சு, அதையும் கொண்டாந்துட்டேன். இப்பத்தான் ரெண்டையும் ஒத்துப் பாத்தேன். ஒரே சேதிங்க. போன வாரம் இப்படித்தான் ஒரு எஸ்டேட்டுக்கு ஒரு லாரிக்கு ரெண்டு லாரி வந்து நின்னுச்சு."

இப்ராஹிம் அல்வாத் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப, பையன் ஒருத்தன்தாங்கறீங்க."

"ஒருத்தன்தானுங்க."

தராசுத் தட்டு ஆடி ஆடி நின்றது.

பக்கத்து டீக்கடை வேலுசாமி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க பாய், ஒரு பேரனை ஆபீஸ்காரங்க திருப்பி எடுத்துக்கறாங்களா? தின்ன அல்வாவுல பாதிக்கு நாங்க எங்கீங்க போறது?"

டீயோடு வந்துகொண்டிருந்த கதீஜா நின்றார். "ஒருத்தன்னா எங்கத்தா பேருதான்."

"எங்கத்தா பேருக்கு என்ன கொறச்சல்?"

டம்ளர் வந்த வழியே உள்ளே போய்விட்டது.

அப்போது சேலம் பஸ் வந்து நின்றது. தூக்கமில்லாத கண்களோடு மருமகன் இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்.

"வாங்க மாப்ள," என்றார் இப்ராஹிம் சுரத்தில்லாமல். "ஒரே சேதிய ரெண்டு தடவ குடுத்துட்டாங்களாம்."

"ஒரே சேதியா?" மருமகன் விழித்தார். "பதட்டத்துல ரெண்டாவதுலயும் அதையே எழுதிட்டேனா?"

"எது ரெண்டாவது?" என்றார் காளியண்ணன்.

"மொதத் தந்தியக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினா, இன்னொருத்தன் பொறந்து கெடக்கறானுங்க."