அம்மாவின் கடைவாய்ப்பல்

இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சொத்தைப் பல் உலகிலிருந்து மறைந்துவிட்டது. ஆயினும் பல் மருத்துவ இறுதித் தேர்வில் பிடுங்கிக் காட்டுவதற்கு மாணவரே ஆள் கொண்டுவர வேண்டும் என்ற விதி மறையவில்லை. நான் தோற்ற முந்தைய ஆண்டைப் போலவே இம்முறையும் அம்மாதான் வந்தார்.

"இந்தத் தடவையாச்சும் வேரை உடைக்காம எடுடி. இல்லேன்னா அடுத்து உங்கப்பாதான். அவருக்கு அத்தனையும் கட்டுன பல்லு!"

வேர் உடையாமல் எடுத்தேன். தேர்வாளர் அதைத் திருப்பிப் பார்த்து, "நல்ல பல்லும்மா இது," என்றார் சோர்வாக.

"தெரியும் சார். மார்க்கைப் போடுங்க," என்றார் அம்மா, பஞ்சைக் கடித்தபடி.

தேறினேன். இப்போது நான் வேலை செய்யும் மருத்துவமனையில் இயந்திரமே பல்வரிசையைச் சீராக்குகிறது. நான் அருகில் நின்று கையொப்பமிடுகிறேன்.

தோற்ற ஆண்டில் அம்மாவின் இடக் கடைவாய்ப்பல் போயிற்று. தேறிய ஆண்டில் வலக் கடைவாய்ப்பல் போயிற்று.