பூட்டு விட்ட ஓட்டை

அந்த பம்பு கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவர் பொறுப்பு. புது பம்பின் வரைபடம் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து நெட் இணைப்பைப் பிடுங்கினார். பென் டிரைவ் செருகும் துளைகளைப் பசை ஊற்றி அடைத்தார். “இனிமே ஒரு ஈ எறும்பு போக வர முடியாது சார்!” என்று முதலாளியிடம் மார்தட்டிக்கொண்டார்.

இப்போது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அதே அறையின் கதவைச் சாத்திக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

மேசைமேல் அந்தக் கம்ப்யூட்டர். எதிரே, அவர் வீட்டிலிருந்து பையில் ஒளித்துக் கொண்டுவந்த லேப்டாப். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. ஒன்றின் திரையில் க்யூஆர் கோடு மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மினுக்க, மற்றதன் கேமரா அவற்றைப் படித்துக்கொண்டது. ஒயர் இல்லை, நெட் இல்லை. வரைபடம் மட்டும் துண்டு துண்டாக நகர்ந்தது.

அத்தனை ஓட்டையையும் அடைத்த மகானுபாவர் கேமராவை மறந்திருந்தார். சொந்த மறதிக்குத் தானே நன்றி சொன்ன முதல் பாதுகாப்பு அதிகாரி அவராகத்தான் இருக்கவேண்டும்.

இன்னும் பாதிகூட முடியவில்லை. மாட்டினால் வேலை போய்விடும். அப்புறம் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

கதவு திறந்தது. முதலாளி!

“என்னய்யா இது? கதவைச் சாத்திட்டு என்ன பண்றீங்க?”

“சோ... சோதனை சார். திருடன் எந்த வழியா வருவான்னு...” வாயில் வந்ததை உளறி, கம்ப்யூட்டரின் கேமராவைக் காட்டினார்.

“கேமரா வழியாவா? அப்ப நம்ம வரைபடம் இப்படியே வெளிய போயிடுமே!”

“போயிடும் சார். நல்லவேளை, நான் பாத்துட்டேன்.”

“யாருக்குய்யா வரும் இந்த மூளை! உங்க சம்பளத்தைக் கூட்டச் சொல்றேன்.”

முதலாளி லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். கறுப்பு டேப்பைக் கிழித்து, கம்ப்யூட்டரின் கேமரா மேல் தன் கையாலேயே அழுத்தி ஒட்டினார். அவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் பெரிய பார்ட்டி வர்றாங்க. அதுவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. அந்த வரைபடத்தைத் திரையில காட்டி அசத்திடணும். நீங்களும் பக்கத்துல நில்லுங்க, என்ன?”

பூட்டு தலையாட்டினார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நேற்று அந்தக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று தானே அழித்துத் தொலைத்த வரைபடத்தை, துளைகளை அடைக்குமுன்பே மச்சானிடம் பீற்றிக்கொள்ள வீட்டு லேப்டாப்புக்குத் திருடிப்போன நகலிலிருந்து, அவர் பாதிகூடக் கம்ப்யூட்டருக்குள் திருப்பி அனுப்பி முடித்திருக்கவில்லை.